விடைபெறாத விருந்தினர்

தேர்வு முடிந்தது. மணி அடித்தது. மாணவர் எழுந்தனர். மேற்பார்வையாளர் மட்டும் போகவில்லை. மாணவன் பின்னாலேயே நடந்து வந்தார். அவன் அறைக்குள் நுழைந்தார். மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார்!

கதை என்று எண்ண வேண்டா, நண்பர்களே. இது என் கணிப்பொறியில் நடந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பெருந்தொற்றுக் காலம். நான் அப்போது வேறோர் ஊரில் இளநிலை மாணவன். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அதற்குமுன் ஒரு மேற்பார்வை நிரலைக் கணிப்பொறியில் நிறுவ வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நிறுவுவது எப்படி என்று பதினொரு பக்கங்களில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். நீக்குவது எப்படி என்று ஒரு வரியும் இல்லை. அந்தக் குறை அன்று என் கண்ணில் படவில்லை. தேர்வு அச்சத்தில் இருப்பவனுக்குப் பன்னிரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்கவா தோன்றும்? நிறுவினேன். என் முகத்தையும் மேசையையும் திரையையும் அது பார்த்தது. தேர்வு முடிந்ததும் 'நன்றி' என்று ஒரு வாசகம் தோன்றியது. நான் விடைபெற்றேன். அது விடைபெறவில்லை.

அதை நான் அறிந்தது 2022 பிப்ரவரியில், முதுநிலைப் படிப்புக்காகப் புனே வந்த பின்னர். கணிப்பொறியை மூடிவைத்தால்கூட அதன் விசிறி மூச்சிரைத்துக்கொண்டே இருந்தது. புத்வார் பேட்டையில் தாப்கீர் சந்து என்று ஓர் இடம் உண்டு. மின்கம்பி, விளக்கு, ஒலிபெருக்கி, கணிப்பொறிச் சாமான் என்று எல்லாம் கிடைக்கும் நெருக்கமான சந்து. புதிதாக வந்த தமிழ் மாணவன் மராத்தி கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி இல்லை. அங்கே ஒரு பழுதுபார்ப்புக் கடையில் தலை நரைத்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரைக் 'காகா' என்று அழைத்தனர். நானும் அப்படியே அழைத்தேன். என் கணிப்பொறியைத் திறந்துகூடப் பார்க்காமல் அவர் கேட்ட முதற்கேள்வி: "உள்ளே இப்போது யார் யார் இருக்கிறார்கள், தெரியுமா?"

"தெரியாது, காகா."

"உன் வீட்டில் யார் இருக்கிறார் என்று உனக்கே தெரியாதா?"

பிறகு கடையின் பின்புறத்தில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பழைய கணிப்பொறியைக் காட்டினார். டாஸ் ஓடும் பழம்பொறி. 'மெம்' என்று தட்டி, ஒரு சாய்கோடும் 'சி' எழுத்தும் சேர்த்து நுழைவு விசையை அழுத்தினார். திரையில் ஏழெட்டு வரிகள் வந்து நின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர். பக்கத்தில் அது எத்தனை கிலோபைட் இடம் பிடித்திருக்கிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். நினைவகத்தில் குடியிருப்போர் அனைவரும் ஒரே பக்கத்தில்! என் புதுக் கணிப்பொறியின் நினைவகம் அந்தக் கிழப்பொறியின் நினைவகத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது; ஆனால் அதன் குடிகளை இப்படி ஒரே பார்வையில் அறிய எனக்கு வழியில்லை. அன்று என் மனத்தில் விழுந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரை.

டாஸ் பொறியைக் காணாத தலைமுறையினர் நாம். ஆகையால் அதன் அமைப்பைச் சிறிது சொல்லியே ஆகவேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் செயலியால் எட்டக்கூடிய நினைவகம் ஒரு மெகாபைட். அதில் மேற்பகுதி திரைக்கும் பிற கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. நிரல்கள் வாழ எஞ்சியது 640 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதைவிடப் பெரிது. அந்தச் சிறு வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும், வேலை முடிந்ததும் இடத்தைக் காலிசெய்து விலகும், அடுத்தது வரும். இதுவே ஒழுங்கு.

இவ்வொழுங்குக்கு ஒரு விலக்கை டாஸ் தானே வைத்திருந்தது. 'என் வேலை முடிந்தது. ஆனால் என் இடத்தைப் பிறருக்குக் கொடுக்காதே' என்று ஒரு நிரல் சொல்லிவிட்டு ஒதுங்கலாம். ஒதுங்கினாலும் வெளியேறாது. இவ்வகை நிரல்களை டி.எஸ்.ஆர். என்றனர், முடிந்தும் தங்கும் நிரல் என்பது பொருள். 1983-இல் வந்த டாஸ் இரண்டாம் பதிப்பின் 'பிரிண்ட்' கட்டளை இத்தகையது. நாம் வேறு வேலை பார்க்கும்போதே அது பின்னாலிருந்து அச்சிட்டுக்கொண்டிருக்கும். 1984-இல் போர்லாண்டு நிறுவனம் 'சைடுகிக்' என்றொரு நிரலை விற்றது. எதை எழுதிக்கொண்டிருந்தாலும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரைமேல் ஒரு குறிப்பேடும் கணக்கிடும் பொறியும் வந்து நிற்கும். அக்கால மக்களுக்கு அது மாயவித்தை.

நம் விடுதி மாணவருக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 'பாரசைட்' என்ற சொல்லைப் புனே விடுதிகளில் அறியாதார் யார்? அறை ஒதுக்கப்படாத நண்பன்; ஒதுக்கப்பட்டவனின் கட்டிலுக்கு அருகே பாய் விரித்து ஓராண்டை ஓட்டுபவன். நானும் முதற் பருவத்தில் ஒரு தஞ்சாவூர் நண்பரின் அறையில் அப்படிக் கிடந்தவன்தான். எனவே அவ்வினத்தைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. டி.எஸ்.ஆர். நிரலும் அத்தகையதே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: டாஸின் பதிவேட்டில் அதன் பெயர் இருந்தது.

அந்தப் பதிவேடு எளிமையானது. நினைவகத்தில் ஒவ்வொரு துண்டு இடத்துக்கும் முன்னால் பதினாறு பைட்டுகளில் ஒரு சீட்டு. இத்துண்டு யாருடையது, எத்தனை பெரியது என்று அதில் எழுதியிருக்கும். சீட்டின் முதல் எழுத்து ஆங்கில 'எம்'. கடைசிச் சீட்டுக்கு மட்டும் 'இஸட்'. மைக்ரோசாப்டில் டாஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. வார்டன் தாழ்வாரத்தில் நடந்து கதவு கதவாகப் பெயர் பார்ப்பதுபோல, 'எம்' சீட்டிலிருந்து அடுத்த 'எம்' சீட்டுக்குத் தாவி 'இஸட்' வரும்வரை நடந்தால் வீடு முழுவதையும் பார்த்தாயிற்று. 1988-இல் வந்த டாஸ் நான்காம் பதிப்பில் சேர்ந்த 'மெம்' கட்டளை செய்தது இதைத்தான். கல்லூரி மாணவன் ஒரே மாலையில் இதே வேலையைச் செய்யும் நிரலைத் தானே எழுதிவிடலாம். நானும் எழுதினேன், இரண்டு மாலை ஆயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பார்ப்பது எளிது. வெளியேற்றுவது எளிதா? இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தியின் உயிர் இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

டாஸ் பொறியின் நினைவகத்தில் அடிமட்டத்தில் 1024 பைட்டுகளில் ஒரு முகவரிப் பட்டியல் உண்டு. 256 முகவரிகள். விசை தட்டப்பட்டால் எங்கே போவது, வட்டைப் படிக்க வேண்டுமானால் எங்கே போவது, கடிகாரம் துடித்தால் எங்கே போவது என்று அது சொல்லும். தங்க வரும் நிரல் முதலில் இப்பட்டியலைத்தான் திருத்தும். விசைப்பலகைக்குரிய பழைய முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதிவிடும். இனி ஒவ்வொரு விசையும் முதலில் அதனிடம் வரும். அது பார்த்துவிட்டு, தனக்கு வேண்டாததைப் பழைய முகவரிக்கு அனுப்பிவைக்கும். அழித்த அந்தப் பழைய முகவரி எங்கே இருக்கிறது? அந்த நிரலின் வயிற்றுக்குள் இருக்கிறது! வேறெங்கும் இல்லை. பிறகு இரண்டாவதாக ஒரு நிரல் வருகிறது. அது முதல் நிரலின் முகவரியை விழுங்கிக்கொண்டு தன் முகவரியை எழுதுகிறது. மூன்றாவது வந்தால் அதுவும் அப்படியே.

இப்போது முதல் நிரலை மட்டும் பிடித்து வெளியே தள்ளினால் என்ன ஆகும்? இரண்டாவது நிரல் வழக்கம்போல் விசையை முதல் நிரலின் இடத்துக்கு அனுப்பும். அங்கே ஆள் இல்லை, வெற்றிடம், அல்லது வேறு யாரோ. பொறி அப்படியே உறைந்து நிற்கும். எனவே கடைசியில் வந்தது முதலில் போகவேண்டும் என்பது விதியாயிற்று. சைடுகிக் போன்றவை தம்மையே கடைசியாக ஏற்ற வேண்டும் என்று அடம்பிடித்தன. மாமியார் வீட்டு விருந்தில் தலைவாழை இலைக்குப் போட்டியிடும் மாப்பிள்ளைகள்போல, கடைசி இடத்துக்கு அவற்றுள் போட்டி!

ஆக, ஒரு நிரலை ஊனமின்றி வெளியேற்றத் தேவையான செய்தி அந்நிரலிடம் மட்டுமே இருக்கிறது. எதை அழித்தேன், எதை மாற்றினேன் என்பதை அதுவே அறியும். நல்ல நிரலாளர் இதை உணர்ந்து, நீக்கும் வழியையும் சேர்த்தே எழுதினர். மைக்ரோசாப்டின் எலிக்கருவி நிரலிடம் 'ஆஃப்' என்று சொன்னால் பட்டியலைப் பழையபடி திருத்திவிட்டு எழுந்து போகும். 1993-இல் டாஸ் ஆறாம் பதிப்போடு வந்த 'விசேஃப்' என்ற வைரஸ் காவல் நிரலுக்கும் அப்படி ஒரு கட்டளை உண்டு. எல்லோரும் நல்லவரா? தட்டிய கட்டளைகளை நினைவில் வைத்துத் தரும் 'டாஸ்கீ' 1991-இல் மைக்ரோசாப்டே கொடுத்தது. அதற்குப் போக வழி வைக்கவில்லை. போகவேண்டுமானால் பொறியையே நிறுத்தித் தொடங்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று வழியைக் கண்டவர் டர்போபவர் நிறுவனத்தின் கிம் கொக்கோனென். அவர் எழுதிய இணை நிரல்கள் 'மார்க்', 'ரிலீஸ்' என்பன. விருந்தாளி வருமுன் 'மார்க்' என்று தட்டினால் 1024 பைட் பட்டியலை முழுவதும் நகலெடுத்து அது வைத்துக்கொள்ளும். பிறகு யார் வேண்டுமானாலும் வரட்டும், எதை வேண்டுமானாலும் திருத்தட்டும். 'ரிலீஸ்' என்றால் அந்த நகல் பழைய இடத்துக்குப் போகும். மார்க்குக்குப் பின் வந்த அனைவரும் ஒருசேர வெளியே! காகா இந்த இரண்டையும் பிளாப்பியில் வைத்திருந்தார். 'வாடகைக்கு விடுவதற்குமுன் வீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதுபோல' என்றார். விருந்தாளி சொல்லாவிட்டாலும் வீட்டுக்காரர் தற்காத்துக்கொள்ள இஃது ஒரு வழி. ஆனால் அதற்கு வீட்டுக்காரருக்கு முன்யோசனை வேண்டும். எனக்கு 2021-இல் அது இல்லை.

நிற்க. இதுவரை சொன்னவை பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்ட விருந்தாளிகள். எழுதாதவர்களும் வந்தனர்.

1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்னும் அல்வி உடன்பிறந்தோர் எழுதிய 'பிரெய்ன்' ஐ.பி.எம். வகைப் பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்பர். பிளாப்பியின் தொடக்கப் பிரிவில் ஒளிந்து, பொறி தொடங்கும்போதே டாஸுக்கு முன்னால் நினைவகத்தில் ஏறிவிடும். அதன்பின் இந்தியாவிலேயே ஒன்று முளைத்தது. 1990 ஜூனில் கண்டறியப்பட்ட அதற்கு 'ஜோஷி' என்று பெயர். ஆண்டுதோறும் ஜனவரி 5-ஆம் நாள் பொறியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சுச் செய்யும்படி கேட்கும். தட்டினால் விடும். (புனேயில் தெருவுக்கு நான்கு ஜோஷிகள் உண்டு என்பதால் பழியை இவ்வூர்மேல் போட்டுவிட வேண்டா, பெயரை வைத்து ஊரை முடிவு செய்வது நமக்கு அழகன்று.)

இவ்வகை வைரஸ்கள் 'மெம்' பட்டியலில் தெரியா. அவை செய்த தந்திரம் என்ன தெரியுமா? பொறியில் மொத்தம் எத்தனை கிலோபைட் என்று குறித்துவைத்திருக்கும் எண்ணையே குறைத்துவிட்டன. நூறு அறை விடுதியில் ஓர் அறையின் வாசலைச் சுவரெழுப்பி மறைத்துவிட்டு, பதிவேட்டின் தலைப்பில் தொண்ணூற்றொன்பது அறை என்று திருத்திவிட்டால், வார்டன் எத்தனை முறை நடந்தாலும் கணக்குச் சரியாகத்தானே இருக்கும்? ஆனால் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்தனர். 640 கிலோபைட் என்றால் 6,55,360 பைட்டுகள். 'செக்டிஸ்க்' கட்டளை அந்த எண்ணைக் காட்டவேண்டும். 6,53,312 என்று காட்டினால் இரண்டு கிலோபைட் எங்கே போயிற்று? அங்கே ஐயம் பிறக்கவேண்டும். 1992 மார்ச்சு 6-ஆம் நாளுக்கு முன்னர் உலகமே அஞ்சிய 'மைக்கேலாஞ்சலோ' இப்படித்தான் இரண்டு கிலோபைட்டைத் திருடியது. ஜோஷி ஆறு கிலோபைட் திருடும். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திப் பொறியை மறுபடி தொடங்கினாலும் போகாது. மின்சாரத்தையே நிறுத்தி, எழுத முடியாதபடி அடைத்த தூய பிளாப்பியால் தொடங்கினால்தான் அதன் கண்ணில் படாமல் வட்டைத் துடைக்க முடியும்.

இந்தத் துடைக்கும் வேலையிலேதான் புனேயின் பெயர் வருகிறது. கைலாஷ் காட்கர் என்பவர் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு இவ்வூரில் கால்குலேட்டர் பழுதுபார்த்தவர். பின்னர் கணிப்பொறிக்கு மாறினார். பழுதுக்கு வந்த பொறிகளில் பாதிக்கு நோய் வைரஸ் என்று கண்டார். கணிப்பொறி படித்த தம்பி சஞ்சய் காட்கர் அவற்றை நீக்க நிரல் எழுதினார். 1995-இல் நிறுவனமாகப் பதிவாகி, 2007-இல் 'குயிக் ஹீல்' என்று பெயர் மாறி, 2016-இல் பங்குச் சந்தைக்குச் சென்ற கதை பலருக்குத் தெரிந்ததே. நான் அதில் காண்பது வேறொன்று. நினைவகத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கத் தெரிந்த ஒரு கடைக்காரரின் கண்ணிலிருந்து ஒரு தொழில் பிறந்திருக்கிறது. அந்தக் காவல் நிரலும் நினைவகத்திலேயே தங்குவதுதான் என்பது இதில் வேடிக்கை. திருடனைப் பிடிக்க வந்த காவலரும் வீட்டுக்குள்ளேதான் படுக்க வேண்டியிருக்கிறது!

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். 'தங்கும் நிரல் என்றாலே தீது என்கிறாயா?' என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. தமிழனாகிய நான் அப்படிச் சொன்னால் நன்றி கொன்றவனாவேன். ஆங்கிலம் மட்டுமே அறிந்த பொறியில் தமிழ் நுழைந்ததே இடையில் நின்று வேலை செய்த பொருள்களால்தான். நம் பல்கலைக்கழக வளாகத்திலேயே நெடுங்காலம் இயங்கிய சி-டாக் நிறுவனம் 1988-இல் தோன்றியது. பரம் மீக்கணிப்பொறியால் அதை ஊர் அறியும். அதே நிறுவனம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய 'ஜிஸ்ட்' ஆய்வை இங்கே வளர்த்தது. ஜிஸ்ட் அட்டையைப் பொருத்திய டாஸ் பொறியில், ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட நிரல்களிலேயே இந்திய எழுத்துகளைத் தட்டவும் பார்க்கவும் முடிந்தது. விசைப்பலகைக்கும் நிரலுக்கும் நடுவே, நிரலுக்கும் திரைக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் ஒருவர் இல்லாமல் அது நடக்குமா? அதற்குரிய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் நம் 'க'வும் மராத்தியின் 'க'வும் ஒரே விசையில் இருக்கின்றன. ஒரு மொழி பழகிய விரல் மற்றதையும் பழகும். பின்னாளில் விண்டோஸ் பொறியில் எ-கலப்பை நிரலும் ஓரமாக உட்கார்ந்து, நாம் தட்டியதைத் தமிழாக்கித் தந்தது. இக்கட்டுரையைத் தட்டும்போதும் அத்தகைய ஒரு துணைவர் என் நினைவகத்தில் இருக்கிறார். இருக்கட்டும், வாழ்க! அவர் பெயர் எனக்குத் தெரியும். ஓரத்தில் அவர் அடையாளம் தெரிகிறது. போகச் சொன்னால் போவார்.

தங்குவது குற்றமன்று. கொண்டுவந்தவர் கொண்டுபோகாததே குற்றம் என்பது என் துணிபு.

இது டாஸ் காலத்தோடு ஒழிந்த செய்தி என்று எண்ணுவோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவேன். 2005-ஆம் ஆண்டு சோனி பி.எம்.ஜி. விற்ற இசைத்தட்டுகள் சிலவற்றைக் கணிப்பொறியில் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் நிரல் ஒன்று குடியேறியது. தன்னைப் பட்டியலில் தெரியாதபடி மறைத்துக்கொண்டது. அமெரிக்காவின் மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அதை அம்பலப்படுத்தினார். அவரே அதைக் கையால் நீக்கியபோது என்ன ஆயிற்று? அவர் பொறியில் குறுந்தட்டு இயக்கியே காணாமற்போயிற்று! சங்கிலியின் நடுவில் நின்ற நிரலைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே, அதே கதைதான். இருபது ஆண்டு இடைவெளி. அதே வயிறு, அதே விழுங்கிய முகவரி. கடும் எதிர்ப்புக்குப் பின் நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது.

மற்றொன்று 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நிரல், பொறியின் கருவறைக்குள்ளேயே தங்குவது. அது பெற்ற ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் வீழ்ந்தன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுத்தார்கள். நோய் நீங்கிய வழி எது? பொறியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்தக் கோப்பை அழிப்பது. தூய பிளாப்பியால் தொடங்கு என்று காகா சொன்ன வைத்தியம் இன்னும் செத்துவிடவில்லை.

640 கிலோபைட் காலத்தில் ஒரு நன்மை இருந்தது. இடம் குறைவு, எனவே யாராவது கூடுதலாகத் தங்கினால் உடனே நெருக்கடி தெரியும், வீட்டுக்காரர் பட்டியலைப் பார்ப்பார். இன்று அரண்மனை. மூலைக்கு மூலை யார் யாரோ. இன்றைய பொறியிலும் பட்டியல் காட்டும் கருவி இருக்கிறது, மறுக்கவில்லை. அன்று நான் திறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் ஓடின. எது நம்மவர், எது அயலார் என்று எந்த மாணவனால் சொல்ல முடியும்? மறைத்து வைப்பது ஒரு வகை. கூட்டத்தில் கலந்து நிற்பது இன்னொரு வகை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பெருந்தொற்று போயிற்று; மேற்பார்வை நிரல்கள் போகவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களின் முதற்கட்டத் தேர்வுக்கு ஒன்று, உதவித்தொகைத் தேர்வுக்கு ஒன்று, சான்றிதழ்த் தேர்வுக்கு ஒன்று என்று நம் மாணவர்கள் பருவத்துக்கு இரண்டு மூன்றை நிறுவுகிறார்கள். சென்ற மாதம் என் அறைக்கு வந்த ஓர் இறுதியாண்டு மாணவியின் கணிப்பொறியில் மூன்று மேற்பார்வையாளர் ஒன்றாகக் குடியிருக்கக் கண்டேன். அவற்றுள் ஒன்று, அந்த மாணவி தோற்ற தேர்வுக்கு உரியது. தோற்றவர் வீட்டிலும் மேற்பார்வையா?

'வேண்டாமென்றால் நிறுவாதே, யார் கட்டாயப்படுத்தியது?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நிறுவாவிட்டால் தேர்வு இல்லை; தேர்வு இல்லாவிட்டால் வேலை இல்லை. இதைக் கட்டாயம் என்று சொல்ல வேறு அகராதி வேண்டுமோ? தேர்வில் மேற்பார்வை கூடாது என்று நான் வாதிடவில்லை. தேர்வுக் கூடத்தில் மேற்பார்வையாளர் நிற்கவே செய்வார். ஆனால் மணி அடித்ததும் அவர் போகவேண்டும். தானாகப் போகும்படி நிரலை எழுதுவது நிரலாளருக்குச் சில நாள் வேலை. எதை மாற்றினேன் என்பது அவருக்குத் தெரியும். அதையே மாணவன் செய்ய வேண்டுமானால் குருடன் யானையைத் தடவிய கதைதான். தெரிந்தவர் சும்மா இருக்க, தெரியாதவர் தலையில் வேலையைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

என் கணிப்பொறியிலிருந்து அதை எப்படி நீக்கினேன் என்று கேட்கலாம். நிறுவச் சொன்னவர்களுக்கு மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குத் தானியங்கிப் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கு அதுவும் வரவில்லை. நிரலை நீக்கும் கட்டளையை ஓட்டினால் சாளரம் மறைந்தது, சேவை மறையவில்லை. கடைசியில் காகாவும் நானும் ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தோம். அது எங்கெங்கே பெயரை எழுதியிருக்கிறது என்று தாளில் குறித்தோம். பொறியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி ஒவ்வொன்றாக அழித்தோம். ஒருமுறை கேமராவே செத்துப்போயிற்று. சங்கிலியில் எதையோ தவறிப் பிடுங்கிவிட்டோம். மறுபடி சேர்த்தோம். மாலை ஏழு மணிக்கு விசிறி ஓய்ந்தது. காகா கூலி வாங்கவில்லை. எதிர்க்கடையில் இரண்டு தேநீரும் ஒரு வடாபாவும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

நம் தமிழ் மன்றம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை மன்ற அறையில் நான் ஒரு பழைய பொறியைக் கொண்டுவந்து வைக்கிறேன். அதில் ஃப்ரீடாஸ் ஓடும். ஜிம் ஹால் என்பவர் 1994-இல் தொடங்கிய இலவச டாஸ் அது. 'மெம்' தட்டிக் குடிகளைப் பார்ப்போம். முதலில் வந்தவரை முதலில் தள்ளிப் பொறியை உறையவைத்தும் பார்ப்போம். மைக்ரோசாப்ட் 2024 ஏப்ரலில் தன் டாஸ் நான்காம் பதிப்பின் மூல நிரலை யாவரும் படிக்க வெளியிட்டது. 'மெம்' எழுதப்பட்டது எப்படி என்று அதிலேயே படிக்கலாம். கலைப்பிரிவு மாணவர்கள் தயங்க வேண்டா. பதினாறு பைட் சீட்டைப் படிக்க நன்னூல் படித்த பொறுமை போதும்.

பின்னர் அவரவர் கணிப்பொறியைத் திறந்து, தேர்வு முடிந்தும் போகாதவர் யாரேனும் உளரா என்று பார்ப்போம். மாணவர் நலத்துறைக்குக் கொடுக்க ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறேன். நம் மாணவர் கணிப்பொறியில் எந்த நிரலையாவது நிறுவச் சொல்லும் துறையோ வெளி நிறுவனமோ, நீக்கும் முறையை அதே அறிவிப்பில் தரவேண்டும். தேர்வு முடிந்த ஏழு நாள்களுக்குள் நிரல் தானே நீங்கவேண்டும். நீங்காவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று ஒரு பெயர் வேண்டும். இவ்வளவே அதிலுள்ளது. தட்டச்சுப் படி மன்ற அறை மேசைமேல் இருக்கிறது. இதுவரை பதினான்கு கையொப்பங்கள். பேனா தீர்ந்துவிட்டது என்றார்கள். வரும்போது ஒன்று கொண்டுவாருங்கள்.